கடைசித் தோட்டாவுக்குக் கீழே

மேகசினின் வாயில் தெரிந்த முதல் தோட்டாவில் யாரோ கட்டைவிரல் வைத்திருந்தார்கள்.

வெறும் அழுக்காக இருந்திருந்தால் துடைத்துவிட்டு மறந்திருப்பாள். இது பித்தளையில் வியர்வை பட்டு, உப்பு அரித்து, ரேகை ரேகையாகப் பழுப்பேறிப்போன தடம். அந்த அளவுக்குப் பழுப்பேற வாரக்கணக்காகும். அவளோ முந்தின நாள் மாலைதான் அந்தத் தோட்டாவைக் கையுறை போட்ட விரல்களால் எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து உள்ளே அழுத்தியிருந்தாள். அப்போது அது புது மோதிரம் போல மின்னியது.

வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிகளுக்கு ஆயுதக் காவலர்களை அனுப்பும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. துப்பாக்கிகள் மேல்தளத்தில் இருக்கும். துப்பாக்கியில் செருகும், தோட்டா நிரப்பிய மேகசின்கள் அடித்தளத்து அறையில் தனியாகப் பூட்டில் இருக்கும். அந்த அறையும் அதிலுள்ள இரும்பு அலமாரியும் அவள் பொறுப்பு. எல்லாருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. மேகசின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி, தொடர்கதை வருகிற பழைய இதழ் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லிப் பல நாளாக நச்சரிக்கிறாள்.

பொறுமை வேண்டிய வேலை. நிரப்பிய மேகசினை அப்படியே போட்டுவைத்தால் ஈரமும் தூசியும் உள்ளே இறங்கும். அதனால் முறைவைத்து ஒவ்வொன்றையும் எடுத்து, கட்டைவிரலால் தோட்டாக்களை ஒவ்வொன்றாக முன்னே தள்ளி வெளியே எடுப்பாள். அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை உருவித் துடைப்பாள். ஸ்பிரிங்குக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தோட்டாவில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது; உள்ளே கசிந்தால் வெடிமருந்து கெட்டு, வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகும். வாய் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். திரும்ப நிரப்பும்போது ஒன்றிரண்டு தோட்டா குறைத்தே நிரப்புவாள், ஸ்பிரிங் மூச்சுவிட.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் இதில் எதையும் செய்ததில்லை. அதனால்தான் மீசைக்காரர் என்று எல்லாரும் கூப்பிட்ட காவலர் நடுரோட்டில் செத்துப்போனார். கொள்ளைக்காரர்கள் வண்டியை மறித்தபோது அவர் துப்பாக்கியில் தோட்டா மேலே ஏறவில்லை. அதே வண்டிக்குள் இன்னொரு காவலராக அவள் தம்பியும் இருந்தான்.

தடம் பதிந்த தோட்டாவோடு சூப்பர்வைசரிடம் போனாள். அறைக்கு இருந்த இன்னொரு சாவி அவரிடம்தான்.

"சார், யாராவது உள்ள போனாங்களா?"

"யாரும்மா போவா? நீ வந்த பிறகு அங்க கொசுகூட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகுது."

"தோட்டாவுல விரல் பட்டிருக்கு."

"உன் விரலாத்தான் இருக்கும்." அவர் தோட்டாவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையை இடுப்பால் தள்ளிச் சாத்தினார். சாவி அந்த இழுப்பறையில்தான் இருந்தது.

அவர் ஏன் பார்க்கவில்லை? அந்தக் கேள்வி அவளோடு படியிறங்கி வந்தது.

அந்த மேகசினை முழுக்கக் காலி செய்தாள். இரண்டாவது தோட்டாவிலும் தடம் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அடியில் கிடந்த கடைசித் தோட்டா வரைக்கும் ஒன்று விடாமல் அதே கட்டைவிரல், அதே இடத்தில், ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஓடும் ஒரு வெட்டுக்கோட்டோடு. யாரோ எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக அழுத்தி உள்ளே வைத்திருக்கிறார்கள். அலமாரியின் மற்ற மேகசின்களில் ஒரு சிறு கறைகூட இல்லை.

துடைத்து நிரப்பிவிட்டுப் போனாள். மறுநாள் தடங்கள் அப்படியே திரும்ப இருந்தன.

அன்று சாப்பிடும்போது தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்குவதில்லை. வீட்டில் அவள் பை கொக்கியில்தான் தொங்கும். பையில் சாவி. தூக்கம் வராதவன் எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தன் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனாலும் நினைத்தாள்.

"கைய நீட்டுடா."

"எதுக்குக்கா?"

"நீட்டுன்னா நீட்டு."

அவன் கட்டைவிரல் வழவழவென்றிருந்தது. வெட்டும் இல்லை, தழும்பும் இல்லை.

"என்னக்கா, ஜோசியம் பாக்கறியா?" என்று சிரித்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். வெட்டுக்கோட்டைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரிப்பு நின்றது.

"குறுக்கால... இப்படியா?" தன் கட்டைவிரல் மேல் நகத்தால் ஒரு சாய்வுக் கோடு இழுத்துக் காட்டினான். "மீசை அண்ணனுக்கு அப்படித்தான் இருக்கும். தகர டப்பா திறக்கறப்ப வெட்டினது."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு மேகசினக் கழட்டி, தோட்டாவ அமுக்கி அமுக்கிப் பாத்தாருக்கா. ஸ்பிரிங் மேல தள்ளவே இல்ல. உயிர் போன பிறகும் விரல் உள்ளயே இருந்துது. ஆஸ்பத்திரியிலதான் எடுத்தாங்க." தண்ணீரை எடுத்துக் குடித்தான். "எப்படி எடுத்தாங்கன்னு கேக்காத."

"அந்த மேகசின் இப்ப எங்க இருக்கு?"

"போலீஸ் விசாரணை முடிஞ்சு திருப்பிக் குடுத்துட்டாங்க. புது ஸ்பிரிங் போட்டு மத்ததோட சேத்து வச்சாச்சுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நல்ல இரும்ப எதுக்கு வீணாக்கணும்னாராம்."

அப்படியென்றால் அவர் தோட்டாவைப் பார்க்காமல் இழுப்பறையைச் சாத்தியது இதற்காகத்தான். அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. செத்தவன் விரல் தோட்டா நிரப்பாது. உயிரோடிருக்கும் யாரோ விளையாடுகிறார்கள். சூப்பர்வைசராக இருக்கலாம். வேலை போன பழைய ஸ்டோர்காரராக இருக்கலாம். அவளைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டால் அந்த ஆளுக்குத்தானே லாபம்? தம்பி சொன்னதிலும் பாதியை நம்பினாள், பாதியை நம்பவில்லை.

மறுநாள் அந்த மேகசினைக் காலி செய்து, வெறும் கூடாக அலமாரியின் மூலையில் வைத்தாள். தோட்டாக்களை ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு, கடையில் வாங்கிய புதுப் பூட்டைப் போட்டாள். பெட்டிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அறைச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அடுத்த நாள் பகலெல்லாம் வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. அலமாரியின் அந்த மூலைப் பக்கம் அவள் கை நீளவே இல்லை. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அடித்தளத்துச் சுவர்களுக்குள் எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், எண்ணெய் வாசனை, அதற்கடியில் ஈரச் சிமெண்ட் வாசனை, டியூப் லைட்டின் விடாத ரீங்காரம் எல்லாம் சேர்ந்து அறை இன்னும் குறுகிப்போனது போலிருந்தது. மேலேயிருந்து இன்டர்காமில் சூப்பர்வைசர் கத்தினார்.

"ஏம்மா, அவசரமா ஒரு வண்டி கிளம்புது. உன் தம்பிதான் போறான். மேகசின் ஒண்ணு எடுத்து வை."

"எல்லாம் வெளிய போயிருக்கு சார்."

"ஒண்ணு இருக்குமே. அதக் குடு."

எது இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அலமாரியைத் திறந்தாள். மேகசினைத் தூக்கினாள். கை தாழ்ந்தது.

கனம்.

இரும்புப் பெட்டி பக்கம் ஓடினாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கழுத்துக் கயிற்றை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை.

மேசை விளக்கைப் போட்டாள். மேகசினின் வாயில் முதல் தோட்டா. அதன் மேல் விரல்தடம். இந்த முறை பழுப்பேறவில்லை. அப்போதுதான் பட்டது போல, மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஈரமாக இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து மெல்ல உலர்ந்தது.

யாரோ இப்போதுதான் இங்கே இருந்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தாள். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் சுவர். மேசைக்கடியில் அவள் செருப்பு.

கம்பி வலை போட்ட சிறு ஜன்னலுக்கு வெளியே படிகளில் பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது. தம்பி.

"அக்கா, குடுக்கா. வண்டி நிக்குது."

"இரு. இத அப்படியே தர மாட்டேன். பிரிச்சுப் பாத்துட்டுத் தரேன்."

தோட்டாவைத் தள்ளினாள். டக். மேசையில் உருண்டது.

அடுத்தது. டக். ஈரம்.

அடுத்தது. கையுறைக்குள் விரல்கள் வழுக்கின. தோட்டாக்கள் சூடாக இருந்தன. உள்ளங்கைச் சூடு.

டக்.

டக்.

ஒவ்வொன்று வெளியே வரும்போதும் அடுத்தது தானாக மேலே வந்தது. ஸ்பிரிங் தள்ளும் வேகம் அவளுக்குத் தெரியும். வெடுக்கென்று வரும். இது அப்படி வரவில்லை. நிதானமாக வந்தது. யோசித்து வந்தது.

கடைசித் தோட்டா. தள்ளினாள். விழுந்தது.

அதற்கடியில் ஸ்பிரிங்கின் தட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை. இருட்டு மட்டும் இருந்தது.

விளக்கை அருகே இழுத்தாள்.

முதலில் நகம் வந்தது. கறுத்து, ரத்தம் கட்டிய நகம். பிறகு சதை. இரும்பு விளிம்புகளுக்கு நடுவே நெருக்கி, தோல் சுருங்கி, மேலே ஏறியது. குறுக்கே ஒரு பழைய வெட்டு. வெளிச்சத்தில் அது ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு மேகசினின் வாயோரத்தைத் தடவியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். தோட்டாவைத் தேடியது.

அவள் கை மேகசினை விடவில்லை.

"அக்கா," வலைக்கு வெளியே தம்பி கையை நீட்டினான். "நேரமாகுதுக்கா. குடு."

கட்டைவிரல் தேடுவதை நிறுத்தியது. மெல்ல மடங்கி, குரல் வந்த பக்கம் திரும்பியது.