யா து ரு ஷா

சைக்கிளின் பின்சில்லு நனைந்திருந்தது.

யதுர்ஷா பனிச்சறுக்குக் கட்டைகளை எடுக்கத்தான் கீழே இறங்கினாள். கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் வீட்டுக்கு ஒன்றாகச் சாமான் அறைகள். மரச்சட்டம் அடித்த கதவுகள், தொங்கும் பூட்டுகள், சுருட்டி வைத்த கம்பளங்களின் புழுதி மணம். ஜப்பானிலிருந்து வந்த கையோடு துடைத்து, எண்ணெய் போட்டு, சுவர்க் கொக்கியில் மாட்டிய சைக்கிளை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. வெளியே, ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகெட்டோ முழுவதும் பனி இறுகிக் கிடந்தது. அறைக்குள் சீமெந்துத் தரை காய்ந்து வெளிறியிருந்தது. ஆனாலும் டயரின் வெட்டுகளுக்குள் நீர் நின்றது, சற்று முன்தான் யாரோ ஓட்டி வந்து மாட்டிவிட்டுப் போனதுபோல. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். பாசி பிடித்த கல்லும், ஊறி அழுகிய இலையும், நெடுங்காலம் மூடிக் கிடந்த காற்றும் சேர்ந்த மணம்.

இந்த ஊரின் ஈரத்துக்கு அந்த மணம் இல்லை.

மேலே வந்து கணவனிடம் சொன்னாள். கிருஷிகன் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்; திரும்பவில்லை. குழாய் எங்கேயாவது ஒழுகுதாக்கும், கட்டடம் பார்க்கிற வக்ட்மெஸ்டருக்கு அறிவிக்கலாம் என்றான். முந்தைய கிருஷிகன் என்றால் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கியிருப்பான். சங்கிலியில் பொட்டுத் துருவைக் கண்டால் நித்திரை வராத மனிதன். இப்போது கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. ஜப்பானிலிருந்து திரும்பிய நாள் முதல் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. வீட்டின் எந்த மூலையிலிருந்தும் ‘யது, யது’ என்று அழைத்துக்கொண்டே இருப்பவன். இப்போது ‘இஞ்சை’ என்றான், ‘கேட்டதே’ என்றான், இல்லாவிட்டால் அவள் நிற்கும் இடத்துக்கே வந்து தொண்டையைச் செருமினான்.

அவர்களைச் சேர்த்து வைத்ததே சைக்கிள்தான். ஒஸ்லோவுக்கு வடக்கே காட்டுப் பாதையில் அவளுடைய சங்கிலி அறுந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையெல்லாம் கரியாகப் பூட்டிக் கொடுத்தவன் அவன். கல்யாணத்துக்குப் பிறகு மற்றச் சோடிகள் வீடு மாற்றிக் கார் மாற்றிக்கொண்டிருக்க, இவர்கள் கூடாரத்தைச் சைக்கிளின் பின்கரியரில் கட்டிக்கொண்டு மலைமலையாய்த் திரிந்தார்கள். ஜப்பான் அவர்களுடைய நெடுநாள் ஆசை. அதற்காகவே அவன் அந்த மொழியைப் படித்தான். அவள் படிக்கவில்லை. ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும்தானே என்று அவன் சொன்னதை நம்பினாள்.

ஷிகோக்குத் தீவின் மலைகளுக்குள் ஒரு நாள் மழை பிடித்தது. புதிய வீதி, விளக்குப் போட்ட பெரிய சுரங்கப்பாதையால் நேரே போனது. லொறிகளுக்குப் பயந்து அவர்கள் மேலே ஏறும் பழைய வீதியைத் தேர்ந்தார்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கடை. அங்கே தேநீர் ஊற்றித் தந்த பெண் கிருஷிகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். இரண்டொரு தரம் யதுர்ஷாவையும் கையால் காட்டினாள். என்னவாம் என்று கேட்டதற்கு, உள்ளே ஈரமாம், லைட்டைப் போட்டுக்கொண்டு போகட்டாம் என்று அவன் சிரித்தான்.

பழைய சுரங்கப்பாதை ஒடுங்கி வளைந்து போனது. அவள் முன்னால், அவன் பின்னால். கூரையிலிருந்து கழுத்துக்குள் நீர் சொட்டியது. நடு வளைவில் இரண்டு பக்க வெளிச்சமும் மறைந்து, முன்லைட்டின் சிறு வட்டத்துக்குள் பாசியும் கல்லும் மட்டும் நகர்ந்தபோது, பின்னால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அவர்களுடைய சைக்கிள்களில் மணி இல்லை. பிறகு கிருஷிகன் யாரோடோ ஜப்பானிய மொழியில் மெதுவாகக் கதைப்பதும் கேட்டது. வெளியே வந்து கேட்டபோது, ஊர்க்காரர் ஒருவர் வந்தவர், வணக்கம் சொன்னனான் என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். சுரங்கத்தின் வாயிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை.

சில்லு நனைந்திருந்ததைக் கண்ட கிழமையே, ஸ்ட்ரோம்மனில் அவள் வேலை செய்யும் உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்திலிருந்து வீடு திரும்பும்போது அது தொடங்கியது. மார்கழி மாதத்துப் பின்னேரம். நாலு மணிக்கே இருட்டு. ரயிலிறங்கிய சனத்தோடு சனமாகத் தண்டவாளத்துக்குக் கீழான நடைவழிக்குள் அவளும் இறங்கினாள். சப்பாத்துகளின் அடியில், வழுக்காமலிருக்கத் தூவிய சரளைக்கல் நொறுங்கும் சத்தம், யாரோ பையிலிருந்து சாப்பிட்ட பணிஸின் கறுவா வாசம். எல்லாவற்றுக்கும் அடியில், ஈரக் கல்லின்மேல் டயர் உருளும் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஒலி. நிலம் முழுக்க உறைந்த பனி. அதில் அப்படி ஒரு சத்தம் எழ வழியில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள். சத்தமும் குறைந்தது. பிறகு, முதுகுக்குப் பின்னால், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவரைப்போல,

“யா... து... ரு... ஷா.”

திரும்பினாள். கைபேசியைப் பார்த்தபடி வந்த ஒரு பெண் அவளை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போனாள். அவ்வளவுதான்.

அடுத்த முறை அது வேலையிடத்தில் கேட்டது. உடுப்பு மாற்றும் அறையில், குளியல் குழாயின் பின்னாலிருந்து. பிறகு கட்டடத்தின் மாடிப்படியில், ஒரு தளம் கீழே. ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கொஞ்சம் தேறியிருந்தது. நடுவில் இருந்த ‘ரு’ தேய்ந்து ‘ர்’ ஆனது. ‘யா’ குறுகியது. யாரோ இருட்டுக்குள் இருந்து அவளுடைய பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள்; பிழை விட்ட இடத்தைத் திருத்தி, திரும்பச் சொல்லி, திரும்பச் சொல்லி.

அவள் கிருஷிகனிடம் சொன்னபோது அவன் முகத்தில் வியப்பு வரவில்லை. அதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது. களைப்பு, ஜப்பான் அலைச்சல், டொக்டரிடம் போகலாம் என்றான். அன்றிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு வரவேற்பறையில் படுக்கத் தொடங்கினான். கதவை உட்பக்கம் பூட்டிக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து நேரத்தோடு வந்தாள். கதவைத் திறந்தபோது வீட்டு நடையில் அவனுடைய பயணப்பெட்டி நின்றது. அவன் மேற்சட்டை போட்டு, சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் களவெடுக்க வந்து பிடிபட்டவனைப்போல அப்படியே குந்தியிருந்தான்.

யதுர்ஷா கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“அந்தக் கடைக்காரி என்ன சொன்னவ?”

“ஈரம் எண்டு...”

“கிருஷி. உண்மையைச் சொல்லுங்கோ.”

அவன் நாடாவையே பார்த்துக்கொண்டு சொன்னான். “உள்ளுக்கை ஆரும் பின்னாலை மணி அடிச்சுப் பேர் கேட்டா வாய் திறக்கக்கூடாதாம். ஒரு பேரைக் குடுத்தா, அந்தப் பேருக்குரிய ஆளைத் தேடிக்கொண்டு வருமாம்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“சும்மா கதை எண்டு நினைச்சன். சொன்னா நீர் அந்த வழியாலை வரமாட்டீர்.”

“கேட்டதோ?”

“காதுக்குப் பக்கத்திலை கேட்டது. அதின்ரை மூச்சு இஞ்சை பட்டது.” கழுத்தைத் தொட்டான். தொட்ட கையை உடனே எடுத்தான்.

“ஆற்றை பேரைக் குடுத்தனீங்கள்?”

குளிர்சாதனப் பெட்டி இரைந்து ஓய்ந்தது. மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுத்தார்கள்.

“உம்மடை.”

மிச்சத்தையும் அவள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். எந்த ஊர் என்று கேட்டதாம்; ஒஸ்லோ என்றும், ஹவுகெட்டோ என்றும் சொன்னானாம். முன்னால் போகிறவள் உன்னுடைய ஆளோ என்று கடைசியாகக் கேட்டதாம். இல்லை என்றானாம்.

அவளுக்கு அந்த இடத்தில் பயம் வரவில்லை. சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடி வந்து, அவள் முகத்தில் தெறித்திருந்த சேற்றைத் தன் கையுறையால் மெல்ல மெல்லத் துடைத்துவிட்டது நினைவு வந்தது. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் குளிர் என்று நினைத்தாள். அன்பு என்று நினைத்தாள். பயணம் முழுவதிலும் அவளுக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான் என்று தோழி கம்சாயினிக்குச் சொல்லிக்கூட இருந்தாள்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். லில்லெஸ்ட்ரோமுக்கு, அண்ணன் வீட்டுக்கு என்றான். தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அப்படிக் கேட்டதற்காக அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

“நீர் வந்தா அதுவும் வரும்,” என்றான்.

அப்போது மணி அடித்தது. வாசல் மணி இல்லை. சைக்கிள் மணி. அவள் முதுகு சாய்ந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், தோள் உயரத்தில், ஒரு தரம்.

அவள் கதவைவிட்டு விலகினாள். கீழிடுக்கு வழியாக அந்த மணம் உள்ளே வந்தது. பாசி. கல். அடைபட்ட காற்று. மரத்தரையில் நீர் ஒரு நாக்கைப்போல நீண்டு வந்து கிருஷிகனின் சப்பாத்தைத் தொட்டது.

“யதுர்ஷா.”

ஒரு பிழையும் இல்லை. சின்ன வயதில் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அம்மாவின் இழுவைகூட அதில் சரியாக இருந்தது.

கிருஷிகன் எழுந்தான். பெட்டியின் பிடியைப் பற்றினான். அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், மெதுவாக, நோகாமல். திறக்கவேண்டாம் என்று அவள் சொன்னாள். சொன்னதாக நினைத்தாள்.

அவன் கதவைத் திறந்தான்.

மாடிப்படி விளக்கு அணைந்திருந்தது. ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கு. எரியவில்லை. அவன் இருட்டைப் பார்த்து ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னான், பணிவாக. அதில் அவளுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். அவள் பெயர். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவன் வாயில் அவள் பெயர். சொல்லிக்கொண்டே கையை வீட்டுக்குள் நீட்டிக் காட்டினான், விருந்தாளிக்கு வழிகாட்டுவதுபோல.

பிறகு சுவரோடு ஒட்டி, எதற்கோ இடம் விட்டு நகர்ந்து, வெளியே போனான். பெட்டியின் சில்லுகள் படிப்படியாக இடித்துக்கொண்டு இறங்கின.

கதவு திறந்தபடி நின்றது.

அவள் பின்னோக்கி நடந்தாள். வரவேற்பறை. மேசை. சன்னல். முதுகில் கண்ணாடியின் குளிர். திரும்பி வெளியே பார்த்தாள். உள்ளே பார்க்கத் துணிவில்லை. நாலாம் மாடி. கீழே முற்றத்து விளக்கு, பனி, நிறுத்தியிருந்த கார்கள். கிருஷிகன் கட்டடத்திலிருந்து வெளிப்பட்டான். பெட்டியைப் பனிக்குள் இழுத்தான். சன்னலில் அடித்தாள். கையால் அடித்தாள். கத்தினாள்.

பின்னால் தரைப்பலகை முனகியது. வீட்டு நடையில். பிறகு வரவேற்பறையில். ஒவ்வொரு காலடிக்குப் பிறகும் சொட்டு விழும் சத்தம்.

அவன் நின்றான். தலையை உயர்த்தினான். சன்னலைப் பார்த்தான்.

அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். வாங்கோ. திரும்பி வாங்கோ.

கிருஷிகன் பெட்டியைக் கீழே வைத்தான். கால்களைச் சேர்த்தான். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்பை வளைத்து, பனிக்குள் தலை தாழ்த்தி, நீண்ட நேரம் வணங்கினான்.

அவளை அல்ல. குனியுமுன் அவனுடைய பார்வை பட்டது கொஞ்சம் மேலே. அவளுடைய தலைக்குப் பின்னால் நின்ற ஒரு முகம் இருக்கும் உயரத்தில்.