பயன்படுத்துவோர்: எவருமில்லை

மாதத்தின் முதல் தேதி என்றால் தூத்துக்குடியில் எல்லோர் கையிலும் ஒரு பலகை இருக்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்து கழற்றிய நுண்கட்டுப்பாட்டுப் பலகை, தீப்பெட்டி அளவுதான். அதை வட்ட அலுவலகத்தில் என்னிடம் நீட்டுவார்கள். நான் யுஎஸ்பி வயரைச் செருகி, அந்த மாதத்து நிரலை அதில் ஏற்றி, அதாவது ஃபிளாஷ் செய்து, கொடுப்பேன். ஃபிளாஷ் ஆகாத பலகை குழாயைத் திறக்காது. கடல்நீரைக் குடிநீராக்கி அளந்து விடும் ஊரில் ஏற்பாடு அப்படி.

என் பெயர் பெர்க்மான்ஸ். பதினோரு வருடமாக இதே மேசை. பெர்க்மான்ஸ் கை வைத்தால் போதும் என்று பேர் எடுத்தவன். அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

போன மாதம் முதல் தேதிக்கு முந்தின நாள் கருவகத்துக்குப் புதுப்பிப்பு வந்தது. கருவகம் என்றால் கெர்னல், கணினியின் அடிப்படை நிரல். ஊர்க் கணினிகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். மறுநாள் காலையில் பலகையைச் செருகினால், அதோடு பேசும் சீரியல் போர்ட் திரையில் ஒரு கணம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனது. வயரை மாற்றினேன். இயக்கியை மறுபடி ஏற்றினேன். மசியவில்லை. கடைசியில் பதிவுகளைப் புரட்டியபோதுதான் காரணம் தெரிந்தது. ஊசிகள் எழும்பி விரலுக்கு எழுத்துக் காட்டும் தட்டு, பார்வையற்றவர்களின் பிரெய்ல் தட்டு; அதை இயக்கும் நிரல் எங்கள் பலகையைத் தன்னுடைய தட்டு என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஒரே மலிவுச் சில்லு, ஒரே அடையாள எண்.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு விதி எழுதலாம். அரைமணி நேரம் ஆகும். பிரெய்ல் நிரலையே நீக்கிவிடலாம்; ஒரு கட்டளை போதும். வெளியே வெயிலில் நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நீக்கினேன். 'பயன்படுத்துவோர்?' என்று நீக்கல் படிவம் கேட்டது. யாரையும் விசாரிக்காமல் 'எவருமில்லை' என்று தட்டினேன்.

நீக்கம் ஊர் முழுவதற்கும் பரவியது. எல்லா வட்டங்களிலும் குழாய் திறந்தது. மேலதிகாரி கைகுலுக்கினார். ஏழு நாளில் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால் நீக்கம் நிரந்தரம் என்பது சட்டம். ஆறு நாள் ஒரு புகாரும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாம் நாள் மாலை நான்கு மணிக்கு ஞானசௌந்தரி டீச்சர் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். பார்வை இல்லாதவர், பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். துணிப்பையிலிருந்து தன் தட்டை எடுத்து, என் கணினியில் செருகி மேசைமேல் வைத்தார். ஒரு ஊசிகூட எழும்பவில்லை.

"ஒரு வாரமா செத்துக் கெடக்கு தம்பி. ஈரக் கையோட தொட்டுட்டேன் போல. எந்தப் பிள்ளையோட வீட்டுப்பாடத்தையும் வாசிக்க முடியல."

என் வேலைதான் என்று உடனே புரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"புகாரா டீச்சர்? எழுத்துல தரணும். குரல் செல்லாதே."

குரலைப் போலி செய்து ஊரையே ஏமாற்றிய காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. பேச்சுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. இயந்திரங்கள் பேசவும் கூடாது. பார்வையற்றவர்களுக்கு அந்தத் தட்டு ஒன்றுதான் மிச்சம்.

"எளுதணும்னா தட்டு வேணுமே தம்பி," என்றார், என்னைக் குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல். "எங்க சங்கத்துல முந்நூறு பேரும் இதையேதான் சொல்லுதாங்க. ஆளாளுக்குத் தாந்தான் கெடுத்துட்டோம்னு நெனச்சு வெளிய சொல்லக் கூச்சப்பட்டுட்டு இருந்திருக்கோம்."

"பழைய தட்டு டீச்சர். ஆயுசு முடிஞ்சிருக்கும்," என்றேன்.

"அப்படியா? ரொம்ப நன்றி தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் தட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தேடி நடந்தார். அந்த நன்றிதான் என்னை அறுத்தது. மணி நான்கு இருபது. ஐந்து மணிக்கு நீக்கம் நிரந்தரமாகிவிடும்.

"டீச்சர், கொஞ்சம் இருங்க."

அவரை உட்கார வைத்துவிட்டுப் படிவத்தைத் திறந்தேன். புகார் கொடுப்பவர்: பெர்க்மான்ஸ். யார்மீது: பெர்க்மான்ஸ். காரணம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பிறகு எழுதினேன்: 'விசாரிக்காமல் எவருமில்லை என்று பொய் எழுதினேன்.' அனுப்பியதும் நீக்கம் ரத்தானது. முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய, இரண்டையும் பிரித்துக் காட்டும் அந்த விதியையும் எழுதினேன். இருபத்திரண்டு நிமிடம்தான் ஆனது.

"இப்போ போட்டுப் பாருங்க டீச்சர்."

தட்டைச் செருகினார். ஊசிகள் மளமளவென்று எழுந்தன. அவர் முகம் மலர்ந்தது. நீக்கம் ரத்தானால் அதன் காரணம் ஊரில் எல்லாத் திரைகளுக்கும் எல்லாத் தட்டுகளுக்கும் முதல் செய்தியாகப் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். ஆனாலும் அவர் விரல் அந்த வரியில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

விரல் வரியின் முடிவுக்குப் போய், திரும்பி வந்து, இன்னொரு முறை போனது.

"எவருமில்லைன்னா எளுதினீங்க?"

"ஆமா டீச்சர்."

"நான் உங்க தெருவுலதான தம்பி இருக்கேன்."

அவர் தட்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பொய்க்குச் சொன்ன நன்றியை இப்போது சொல்லவில்லை. கோல் சத்தம் படியிறங்கித் தெருவில் தேய்ந்தது. நான் போக வேண்டியதும் அதே தெருவுக்குத்தான்.