இறுகாத தரை

பூசி ஒன்பது நாளாகியும் அந்தத் தரை இறுகவில்லை.

கோதண்டம் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினான். விரல் உள்ளே இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. ஐப்பசி அடைமழையில் சிமெண்ட் காய நாளாகும்தான்; ஆனால் ஈரச் சிமெண்ட் சில்லென்றல்லவா இருக்க வேண்டும்? விரலை முகர்ந்து பார்த்தான். கிருஷ்ணாயில் வாடை.

"தண்ணி ஜாஸ்தி வுட்டுட்டியா கன்னியப்பா?"

"பதினஞ்சு வருசமா கரணை புடிக்கிறேன் அண்ணாத்தே, எனக்குத் தெரியாதா? மூணு தபா சிமெண்ட் பால் பூசிட்டேன். காலையில வந்து பாத்தா தடம் கீது." கொத்தனார் கன்னியப்பன் வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை.

கொல்லைப் போர்ஷனின் பின்சுவர் ஓரமாகத் தடங்கள் இருந்தன. சின்னப் பாதங்கள். குதிகால் பதியாமல் விரல்கள் மட்டும் ஆழமாக அழுந்தியிருந்தன. எல்லாம் சுவரைப் பார்த்தே நின்றன.

கோவில்பதாகையில் கோதண்டம் கட்டிய சொந்த வீடு அது. வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் வேண்டாமென்று தனியாகக் கட்டிக்கொண்ட பெருமை அவனுக்கு. பெருமையோடு நிறுத்தினானா? கொல்லையையும் விடாமல் தரை போட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஒரு போர்ஷனாக்கி, வேம்புலிக்கும் அவன் மனைவி நாகவல்லிக்கும் வாடகைக்கு விட்டான். பின்சுவரில் சந்துக்குப் போக ஒரு பச்சைக் கதவு இருந்தது. பன்றி உள்ளே வருகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, கன்னியப்பனை வைத்துச் செங்கல்லால் அடைத்தான். பத்து நாள் கழித்து, வேம்புலி வேலையிலிருந்த ஒரு சாயங்காலம், வாசலோரம் பம்ப் ஸ்டவ் வெடித்தது. வாசல் முழுக்க நெருப்பு. நாகவல்லி பின்சுவருக்கு ஓடினாள்.

அவள் தட்டியது கோதண்டத்துக்குக் கேட்டது. கதவு கேட்டுப் பத்து நாளாகச் சண்டை போட்டவள். இன்றும் அதே ரகளை என்று நினைத்தான். "இன்னாங்க சத்தம்?" என்று மனைவி சுசீலா கேட்டபோது, "மழை. ஷீட்டு மேல வுழுது," என்றான். அன்று தூறல்தான் போட்டுக்கொண்டிருந்தது.

போலீஸ் வருவதற்குள் செங்கல்லை இடித்து, பழைய கதவை மாட்டி, சந்துப் பக்கம் பூட்டும் போட்டாகிவிட்டது. வழி இருந்தது, புருஷன்தான் வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று கோதண்டம் கூசாமல் சாட்சி சொன்னான். மனைவியைக் கொன்றதாக வேம்புலிக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்த வாரமே திரும்பவும் செங்கல். கதவைக் கன்னியப்பன் பிளந்து கொடுக்க, கோதண்டம் வெந்நீர் அடுப்பில் எரித்தான்.

இப்போது வேம்புலியின் தாய் பொன்னியம்மா மனுப் போட்டிருக்கிறாள். முதலில், தீயில் வெடித்துப்போன தரையைச் சரிசெய்யச் சொல்லித்தான் நோட்டீஸ் வந்தது. கொல்லையிலிருந்து வெளியேற வழி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. மூன்று மணிக்கு நகராட்சியிலிருந்து பார்த்தசாரதி வருகிறார். கதவு இல்லை என்று அவர் எழுதினால் வேம்புலி வெளியே வருவான், கோதண்டம் உள்ளே போவான்.

"கரையான்சாவடில பழைய கதவு ஒண்ணு சொல்லி வெச்சிகீறேன். எடுத்தாந்து மாட்டிர்லாம். அதுக்குள்ள நீ இடி," என்று கன்னியப்பன் கிளம்பினான். போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

சுசீலா அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. ஆளில்லாத வீட்டில், கரண்டும் போய்விட்ட மப்பு வெளிச்சத்தில், ஈரத் தரைமேல் பலகை போட்டு அதன்மேல் நின்று, கோதண்டம் கடப்பாரையை ஓங்கி ஓங்கிக் குத்தினான். ஷீட்டின்மேல் மழை இரைந்தது, சுண்ணாம்புத் தூள் வியர்வையில் ஒட்டி அரித்தது, கிருஷ்ணாயில் வாடை தொண்டைக்குள் இறங்கிக் கரித்தது. மணி ஒன்றாயிற்று. ஒரு செங்கல்கூட அசையவில்லை. கன்னியப்பன் கட்டிய சுவர் இத்தனை கெட்டியாக ஒருநாளும் இருந்ததில்லை.

மூச்சு வாங்க நின்றான்.

டொம், டொம், டொம். அவன் எத்தனை முறை குத்தினானோ, சுவருக்குள்ளிருந்து அத்தனை முறை திருப்பிக் குத்தியது.

பயத்தில் அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. "செத்தவளுக்கு இன்னாடி வேணும்?" என்று கத்திக்கொண்டே முழு பலத்தோடு பாய்ச்சினான். கடப்பாரை இந்த முறை சளக்கென்று இறங்கியது. செங்கல்லில் இறங்கியது போல இல்லை. இழுத்தான். நுனியில் கருகிய தோல் சுருண்டு வந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்தது உடைந்த கண்ணாடி வளையல்.

ஓட வேண்டும். திரும்பினான். பலகை வழுக்கியது.

இரண்டு காலும் தரைக்குள் கணுக்கால்வரை புதைந்தன. சூடு. கூழ் போலக் கொதித்தது. வலது காலை உருவப் பார்த்தான். அடியில் ஏதோ அவன் பெருவிரலைப் பிடித்து, நிதானமாக, ஒரு கோழிக்காலை முறுக்குவது போல முறுக்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. அவன் அலறினான். அலறி முடிப்பதற்குள் தரை இறுகியது.

ஒன்பது நாள் இறுகாத தரை. இப்போது கல்.

கடப்பாரை எட்டாத இடத்தில் கிடந்தது. சுவரைப் பிறாண்டினான். நகம் பெயர்ந்தது. இன்னொன்று. பூச்சில் ரத்தம் இழுகியது. எத்தனை நேரம் போயிற்றோ, சந்தில் பேச்சுக் குரல் கேட்டது.

"இதானே அந்த வீடு?" பார்த்தசாரதியின் குரல்.

"ஆமா சார்." கன்னியப்பன்!

"சார்! சுவத்த இடிங்க! நான் உள்ள கீறேன்!"

"கதவு இருக்கேப்பா. பச்சைக் கதவு. பூட்டும் தொங்குதே," என்றார் பார்த்தசாரதி. "வழி உண்டுன்னு எழுதிக்கிறேன்."

கோதண்டம் எதிரே பார்த்தான். சுவர்தான். வெறும் சுவர்.

வெளியே கன்னியப்பன் குரல் கேட்டது. "அந்தக் கதவு... அத்த நாந்தான் சார் பொளந்து..."

முதுகுக்குப் பின்னால், வாசலோரம், ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கும் சத்தம். கீச். கீச். கீச்.

"அய்யோ! கன்னியப்பா! தொறடா!" இரண்டு உள்ளங்கையாலும் சுவரை அறைந்தான்.

"உள்ளே யாரோ தட்டறாங்களா?"

"மழை சார்," என்றான் கன்னியப்பன் அவசரமாக. "ஷீட்டு மேல வுழுது. வாங்க, போய்ர்லாம்."

செருப்புச் சத்தம் சேற்றில் தேய்ந்து மறைந்தது. மழை எப்போதோ விட்டிருந்தது.

பின்னால் வெடித்தது. அறை வெளிச்சமாயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. கோதண்டம் தட்டினான். கை பிய்ந்து எலும்பு தெரியும்வரை தட்டினான். அவன் கைக்குப் பக்கத்தில், சுவருக்குள்ளிருந்து விரல் விரலாகப் பிதுங்கி வந்தது கருகிய ஒரு கை. அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, விடாமல், அவனோடு சேர்ந்து தட்டியது.