611 பென்குவின்களும் இரண்டு பட்டன்களும்

செவ்வாய், காலை 9.10. ஹோபார்ட் பென்குவின் காப்பகத்தில் ஒரு பென்குவின்கூட இல்லை.

கரையில் இருந்தன. கணினியில்தான் இல்லை. 611 பறவைகளின் ஒன்பது வருடக் குறிப்புகள் ஒரே நொடியில் போய்விட்டன.

காப்பகத்தின் இணையதளம் 'வாலபி' என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது. வாலபிக்கு வரும் புகார்களுக்குப் பதினான்கு வருடமாகப் பதில் சொல்பவள் நைரி டக்கெட். நிர்வாகப் பக்கத்தை மொத்தமாக மாற்றி வெளியிட்டு நான்கு நாள். இது எட்டாவது புகார். ஈரக் கோட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நைரி நாற்காலியில் சரிந்தாள்.

காப்பகத் தலைவர் ஆல்வின் பாஸ்கோ வாலபி அலுவலகத்துக்கு நேரிலேயே வந்திருந்தார். கூடவே, குற்றவாளியையும் அழைத்து வந்திருந்தார்.

"பதிவேடு பொய் சொல்லாது. காலைல 7.52. அழிச்சது டெஸ். உறுதியும் பண்ணியிருக்கா. பேக்கப்ல இருந்து பறவைங்க திரும்பிடும். ஆனா பன்னண்டு மணிக்கு இவள வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"டீ போடட்டுமா தலைவரே?"

"ஆமா... இல்ல."

நைரி எடுத்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

9.40. பக்கத்து அறை. காப்பக ஊழியர் டெஸ் கிர்க்வுட்டின் கண்கள் சிவந்திருந்தன. சட்டைக் கையில் மீன் வாடை.

"எதுல திறந்தே?"

"என் பழைய போன்ல. கரையில. மழை வேற. ஒரு கையில பென்குவின்."

"கண்ணாடி?"

"மழையில கண்ணாடி போட்டு என்ன தெரியும்? எழுத்தத்தான் பெருசா வச்சிருக்கேன்."

"எதத் தொட்டே?"

"'சேமி'யத்தான். பழைய பக்கத்துல அது அங்கதான் இருந்துச்சு. 'எல்லாத்தையும் அழிக்கட்டுமா?'ன்னு கேட்டுச்சு. உசுரே போச்சு."

"நீ என்ன சொன்னே?"

"'இல்ல'ன்னு அழுத்தினேன் நைரி, சத்தியமா. பக்கத்துல ஏதோ மூணு புள்ளி. அலங்காரம்னு நெனச்சேன்."

10.25. வடிவமைப்பாளன் லாக்லன் ஃப்ரூவின் மேசை. கதவு அகலத்துக்குத் திரை.

"'சரி', 'ரத்து' எல்லாம் அரசாங்க ஆபீஸ் பாஷை," என்றான். "நம்ம ஜனங்க பேசற மாதிரியே வச்சிருக்கேன். குழப்பமே வராது."

திரையில் இரண்டு பட்டன்கள். ஒன்றில் 'ஆமா, இல்ல'. மற்றதில் 'இல்ல, ஆமா'.

"'அழி', 'விட்டுடு'ன்னு எழுதச் சொன்னேனேப்பா. ஏழு கூட்டத்துல."

"அதுல உயிர் இல்ல நைரி."

"போன்ல பார்த்தியா?"

"என் போன்ல பார்த்தேன். அம்சமா இருந்துச்சு."

அவன் போன் போன மாதம் வாங்கியது. சப்பாத்திப் பலகை அளவு.

11.45. மூவரையும் உட்காரவைத்து, டெஸ்ஸின் போனை மேசைமேல் வைத்தாள் நைரி.

"அழிச்சது டெஸ்ஸோட விரல். அழிக்க வச்சது லாக்லனோட கமா."

"கமாவா?" என்றான் லாக்லன்.

"நம்ம ஊர்ல 'ஆமா, இல்ல'ன்னா வேண்டாம். 'இல்ல, ஆமா'ன்னா வேணும். கடைசி வார்த்தைதான் பதில். காலைல தலைவர் டீ வேண்டாம்னது அப்படித்தான். சின்ன போன், பெரிய எழுத்து. பட்டன்ல கடைசி வார்த்தைக்கு இடமில்ல. வெட்டிட்டு மூணு புள்ளி வச்சிருச்சு. டெஸ் படிச்சது 'இல்ல...'. அழுத்தினது 'இல்ல, ஆமா'. பாருங்க."

மூன்று தலைகள் போன்மேல் குனிந்தன. புள்ளிகள் இருந்தன.

"இப்படியும் ஒருத்தர் போன் வச்சிருப்பாங்கன்னு..." என்று லாக்லன் இழுத்தான். அவன் வாக்கியமும் மூன்று புள்ளியோடு நின்றது.

11.58.

"அப்ப எனக்கு வேலை இருக்கா தலைவரே?" என்றாள் டெஸ்.

ஆல்வின் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்ல..."

டெஸ்ஸின் முகம் வெளுத்தது. நைரி மட்டும் அசையவில்லை. ஏழு கூட்டம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு வார்த்தை பெரிதில்லை.

"ஆமா," என்றார் ஆல்வின்.