ஒன்பதாவது சிப்பி

தெய்வநாயகி பானைக்குள் கையை விட்டாள். இடப்பக்கம் துழாவினாள். வலப்பக்கம் துழாவினாள். அடியைத் தட்டினாள்.

பானை காலி!

"ஐயா... உள்ளே ஒண்ணுமே இல்லையே!"

வாத்தியார் ஆதிநாராயணன் பானையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். இரண்டு மணல் பருக்கைகள் விழுந்தன. அவ்வளவுதான்.

"ஒன்பது பிள்ளைகள். ஒன்பது சிப்பிகள். நானே எண்ணிப் போட்டேன்! எல்லாரும் கையை நீட்டுங்கள்!"

எட்டுக் கைகள் விரிந்தன. கறுப்புச் சிப்பி மூன்று. வரிச் சிப்பி மூன்று. வெள்ளைச் சிப்பி இரண்டே இரண்டு.

மூன்றாவது வெள்ளைச் சிப்பி எங்கே?

பழவேற்காட்டில் பொங்கலுக்குப் பத்து நாள் பள்ளி கிடையாது. போன வருடம் அந்தப் பத்து நாளும் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். சும்மா என்றால், கோட்டையில் இருந்த ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் வாத்துகள் முப்பதையும் ஏரிக்குள் விரட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாத்துகளைப் பிடிக்க ஊரே தண்ணீரில் இறங்க வேண்டியதாயிற்று.

அதனால் இந்த வருடம் வாத்தியார் மூன்று குழுக்கள் ஏற்பாடு செய்திருந்தார். ஓடக் குழு, காற்றாடிக் குழு, கோலாட்டக் குழு. ஒவ்வொன்றிலும் மூன்று பேர்.

எல்லாருக்கும் ஓடம்தான் வேண்டும்! குப்பன் மாமாவின் ஓடத்தில் ஏறினால் ஏரியின் நடுத் திட்டுக்கே போய்ப் பூநாரைகளைப் பார்க்கலாம். துடுப்பும் போடலாம்.

சண்டை வராமல் இருக்க ஒரே வழி பாடு போடுவது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை விரிப்பது என்று பெரியவர்கள் பாடு போட்டுத்தான் முடிவு செய்வார்கள். பானையில் கையை விட்டு எடுப்பதுதான் அவரவர் பங்கு. பிள்ளைகளுக்கும் அதே முறை. வெள்ளை என்றால் ஓடம், கறுப்பு என்றால் காற்றாடி, வரி என்றால் கோலாட்டம்.

"யாரோ வெள்ளையை எடுத்து ஒளித்துவிட்டு, மறுபடி கையை விட்டு வேறு சிப்பி எடுத்திருக்கிறார்கள்" என்றார் வாத்தியார். அவர் மீசை துடித்தது. "கேளுங்கள்! எடுத்தது யார் என்று தெரிந்தால், அந்த வெள்ளை தெய்வநாயகிக்கு. சிப்பி மட்டும் வந்தால், முதலிலிருந்து மறுபடி பாடு. கோட்டையில் சாயங்கால மணி அடிப்பதற்குள் எதுவுமே வராவிட்டால்..."

"வராட்டி இன்னா ஐயா?"

"விடுமுறையே கிடையாது. நாளைக் காலையில் பள்ளி!"

"ஐயோ!" என்று எல்லாரும் அலறினார்கள்.

அதிகமாக அலறியவன் பூபதி. அவன் கையில் வெள்ளைச் சிப்பி இருந்தது. "ஏய் நாயகி, யாருன்னு கண்டுபிடி! மறுபடி பாடு போட்டா என் வெள்ளை போயிடும்!"

நாயகி யோசித்தாள். எல்லாரும் ஆசைப்படும் வெள்ளைச் சிப்பியை ஏன் ஒருவர் வேண்டாம் என்று ஒளிக்க வேண்டும்?

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா வாய்களும் அசைந்துகொண்டிருந்தன. திட்டின, கெஞ்சின, சத்தியம் செய்தன.

ஒரு வாய் மட்டும் அசையவில்லை.

லோகு! தூங்கும்போதுகூடப் பேசுகிறவன் லோகநாதன். அவன் பேச்சை நிறுத்த வாத்தியார் இரண்டு பிரம்புகளை ஒடித்திருக்கிறார். அவன் அலறக்கூட இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

நாயகிக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. லோகுவின் வீட்டில் எல்லாரும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். இறாலைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எதையும் வாயில் வைத்துக்கொள்வதுதான் பழக்கம்.

லோகு மெல்ல நழுவினான். நாயகி பின்னாலேயே போனாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓடத்தின் மறைவில் அவனைப் பிடித்துவிட்டாள்.

"லோகு, உன் பேர் இன்னா?"

"ம்ம்."

"இன்னிக்கு இன்னா சாப்பிட்டே?"

"ம்ம்ம்."

"உன் முதுகுல நண்டு ஏறுது!"

"எங்கே?!" என்று துள்ளினான் லோகு.

வெள்ளைச் சிப்பி வாயிலிருந்து தெறித்து மணலில் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். லோகுவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"கை நழுவின மாதிரி நடிச்சு மறுபடி எடுத்தேன். சொல்லிடாதே நாயகி!"

"ஓடம் வேணாமாடா உனக்கு?"

"எங்க நைனாவும் அம்மாவும் இடுப்பளவுத் தண்ணியிலதான் இறங்குவாங்க. நானும் அப்படித்தான். காலு தரையில இருக்கும். ஓடத்துல போனா அடியில இன்னா கீதுன்னே தெரியாது. போன மழையில முகத்துவாரத்துல ஓடம் கவுந்துச்சே, அதுல நானும் இருந்தேன். இப்பவும் அதை நெனச்சா மூச்சு முட்டுது."

"அதை வாத்தியார்கிட்ட சொல்லலாமே?"

"மீன்பிடிக்கிற ஊருல பொறந்துட்டுத் தண்ணிக்குப் பயப்படுறேன்னு பூபதி ஊர் பூராச் சொல்லிச் சிரிப்பான்."

நாயகி சிப்பியைக் கழுவினாள். அது அவள் கையில் பளபளத்தது. லோகுவின் பெயரைச் சொன்னால் போதும், நாளைக்கே ஓடம்! வாயைத் திறக்காவிட்டால் மறுபடி பாடு. அப்புறம் எது கிடைக்குமோ!

பெருமூச்சு விட்டுக்கொண்டே ஓடினாள்.

"ஐயா, சிப்பி!"

"எடுத்தது யார்?" என்றார் வாத்தியார்.

"தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன் ஐயா. சொல்ல மாட்டேன்னுதான் சொல்றேன்."

"சொன்னால் இந்த வெள்ளை உனக்கு."

"தெரியும் ஐயா."

பூபதி தலையில் அடித்துக்கொண்டான். "பைத்தியமா நீ? சொல்லித் தொலையேன்!"

வாத்தியார் எல்லாரிடமிருந்தும் சிப்பிகளைத் திரும்ப வாங்கினார். பிறகு ஒன்பது சிப்பிகளையும் பானையில் போட்டுக் குலுக்கினார்.

மறுபடி பாடு! இந்த முறை ஒவ்வொருவர் கையையும் அங்கேயே விரித்துக் காட்டச் சொன்னார். பூபதிக்குக் கறுப்பு. அவன் முகமும் கறுத்தது. நாயகிக்கு வரி. கோலாட்டம்! போன வருடம் அவள் கோலாட்டம் அடித்ததில் இரண்டு பேருக்கு விரல் வீங்கியது.

கடைசியில் லோகு வந்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான்.

வெள்ளை!

மறுபடியும் வெள்ளை! லோகு அழுதுவிட்டான்.

"இன்னாடா, ஓடம் கெடச்சும் அழுவுறே?" என்றான் பூபதி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாயகியின் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. கரையைப் பார்த்தாள். அங்கே குப்பன் மாமா ஓடத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"குப்பன் மாமா!" என்று கத்தினாள். "உங்க ஓடத்துக்குக் கரையாள் யாரு?"

குப்பன் நிமிர்ந்தார். "அட, ஆமாம்மா! அதை மறந்தே போயிட்டேன்."

"கரையாளா? அது என்ன?" என்று கேட்டார் வாத்தியார். அவருக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம்.

"எங்க நைனா ஓடம் எடுத்தா, ஒருத்தர் கரை மேட்டுல நிப்பாங்க ஐயா. எங்கே மணல்திட்டு, எங்கே ஆழம்னு மேட்டிலேருந்துதான் நல்லாத் தெரியும். துணியை வீசி வழி காட்டணும். காத்து மாறினா, திரும்பி வான்னு கத்தணும். கரையாள் இல்லாம ஓடம் கெளம்பாது" என்றாள் நாயகி.

"சின்னப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறப்போ கட்டாயம் வேணும்" என்றார் குப்பன். "தண்ணி நெறத்தைப் பாத்தே சேறா மணலான்னு சொல்லத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். தொண்டையும் பெருசா இருக்கணும்."

ஒன்பது பிள்ளைகளில் பெரிய தொண்டை யாருடையது? யாரும் யோசிக்கவே தேவையில்லை.

"லோகு!" என்றார்கள் எல்லாரும்.

லோகு கண்ணைத் துடைத்தான். "எனக்குத் தண்ணி நெறம் நல்லாவே தெரியும்" என்று மெதுவாகச் சொன்னான். பிறகு அவனுக்கே உரிய குரலில், "நான்தான் கரையாள்!" என்று முழங்கினான். குப்பனின் கையிலிருந்த தார்ச்சட்டி ஆடிவிட்டது.

"அப்போ லோகுவோட எடம் காலி! அது எனக்கு!" என்று பாய்ந்தான் பூபதி.

"நல்ல எடம் ஒருத்தருக்கே இல்லைடா. ஏரியில நல்ல எடத்துல எப்படி வலை போடுறாங்க?" என்றாள் நாயகி. "முறை வச்சுத்தானே? காத்தாடியும் கோலாட்டமும் சேர்த்து நாம ஆறு பேர். ஒரு நாளைக்கு ஒருத்தர் போவோம்."

"முதல் நாள் யாரு?"

"நீயே போ. வெள்ளையை எடுத்து இழந்தவன் நீதானே."

பூபதி தலையைச் சொறிந்தான். "உன் முறை?"

"கடைசியா வச்சுக்கிறேன்."

கோட்டையில் சாயங்கால மணி அடித்தது. வாத்தியார் லோகுவைப் பார்த்தார். பிறகு நாயகியைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்துக்கொண்டே பானையை எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்து நாட்கள் நாயகி கோலாட்டம் அடித்தாள். இந்த முறை ஒரே ஒரு விரல்தான் வீங்கியது. அதுவும் அவளுடையது.

ஆறாம் நாள் ஓடத்தின் முனையில் உட்கார்ந்தாள். ஏரி கண்ணாடியாக இருந்தது. மேட்டில் லோகு, சிவப்புக் கட்டம் போட்ட துணியை வீசிக்கொண்டு நின்றான்.

"வலப்பக்கம் சேறு! இடப்பக்கம் வா! இன்னும்! இன்னும்! அப்படித்தான்!"

அந்தக் குரலைக் கேட்டுக் கோட்டைச் சுவரில் நின்ற ஒல்லாந்துச் சிப்பாய் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். லோகு அவனுக்கும் வழி சொன்னான்.

நடுத் திட்டில் பூநாரைகள்! நூறு, இருநூறு, எண்ணவே முடியவில்லை. நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நாயகீ! பூநாரை தெரியுதாஆஆ?" என்று கரையிலிருந்து ஒரு முழக்கம் வந்தது.

அவ்வளவுதான். அத்தனை பூநாரைகளும் ஒன்றாக எழும்பின. வானம் முழுக்கச் சிவப்புச் சிறகு!

"தெரியுதுடா லோகு!" என்று நாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாவே தெரியுது!"