கமலவேணி எடுத்துக் கொடுத்த ஸ்பேனர்

உழைப்பூட்டித் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றியபோது நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புவரை ஸ்க்ரூ டிரைவரைக்கூட ஒழுங்காகப் பிடித்தறியாத, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் அவர். இப்போதோ, எதிரே நின்ற சிவப்புப் பயில்வான் காரை மூன்று வருடம் பாடுபட்டுத் தன் கையாலேயே புதுப்பித்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"எப்படி இருக்குதுங்க சார்?" என்றான் விற்பனையாளன் ஜெரோம்.

"பின்சக்கரத்து போல்ட்டு ஒண்ணு என்ன பாடு படுத்துச்சு தெரியுங்களா!" என்றார் நாச்சிமுத்து, பெருமை பொங்க.

கோயமுத்தூரில் அப்போது, 'பயில்வான்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட பழைய அமெரிக்க எட்டு சிலிண்டர் வண்டிகளின் மேல் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. பெட்ரோல் வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பந்தயத் திடலுக்குள் மட்டும் உறுமலாம் என்று சட்டம் வந்தபின் பைத்தியம் இன்னும் முற்றியது. துருப்பிடித்ததை வாங்கிப் புதுப்பிக்கலாம், அல்லது புதுப்பித்து முடித்ததை வாங்கலாம். முடித்ததை வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு குறை. "நீங்களே பண்ணுனதுங்களா?" என்று யாராவது கேட்டால் எச்சில் விழுங்க வேண்டும். அந்தக் குறையைத்தான் உழைப்பூட்டி தீர்த்தது. மெக்கானிக் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். அவர் பட்ட பாடெல்லாம் பதிவாகி, அதே மாதிரி வண்டி வாங்குகிற ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இறங்கிவிடும். ஞாபகம்தான் வருமே தவிர, கைக்கு வேலை வராது. பெருமையடிக்கக் கை எதற்கு?

வீட்டில் இதைப் பற்றி ஒரு மாதமாக வாக்குவாதம். அவர் மனைவி வசுமதி பம்புசெட் கம்பெனியில் மோட்டார் பொருத்தும் வேலை பார்த்து, அவரோடு அதே வருடம் ஓய்வு பெற்றவர்.

"பொள்ளாச்சில ஒரு ஷெட்டுல துருப்பிடிச்சு ஒண்ணு நிக்குதுங்க, அதை வாங்கலாம். புள்ளைங்களும் வெளியூரு போயாச்சு. சாயங்காலமானா ஆளுக்கொரு செவுத்தைப் பாத்து உக்காந்திருக்கறோம். அதுக்கு ஒரு வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்தா என்னங்க?"

"மூணு வருசம் ஆகுமே அம்மிணி."

"அதுக்குத்தாங்க சொல்றேன்."

அது நாச்சிமுத்துவின் மண்டையில் ஏறவில்லை. முடித்த வண்டியை வாங்கி, கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டார். வசுமதி டீ போட்டுக் கொடுத்தார்.

அவர் ஒரு வாய் குடித்தார். "ஏன் கமலவேணி, இஞ்சி இன்னும் கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாமில்ல?"

"யாருங்க கமலவேணி?"

இந்த இடத்தில் மழுப்பத் தெரிந்த ஆண்கள் உண்டு. நாச்சிமுத்து வாத்தியார். உண்மையைச் சொன்னார்.

"ஸ்பேனர் எடுத்துக் குடுப்பா. நான் கேக்கறதுக்கு முன்னாலயே சரியான சைஸை நீட்டுவா. தங்கமான மனுசி."

அடுத்த பத்தாவது நிமிடம் இருவரும் ஜெரோமின் எதிரில் இருந்தார்கள். ஜெரோம் கையைப் பிசைந்தான்.

"அவங்க அந்த மெக்கானிக்கோட சம்சாரங்க மேடம். முதல்ல பதிவுல இருந்து அவங்களை வெட்டி எடுத்துட்டுத்தான் ஏத்துனோம். வாங்குனவங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க. யாரோ செஞ்ச வேலை மாதிரி இருக்குதுன்னு. பெருமையை மட்டும் தனியாப் பிரிக்க முடியலைங்க. பக்கத்துல இருந்தவங்களும் சேந்துதான் வருவாங்க. இப்ப அந்தம்மா மார்க்கெட் போனா, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க எல்லாம் நின்னு நலம் விசாரிக்கறாங்களாம்."

வசுமதி சிரிக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"மூணு வருசம் வேற யாரு கூடவோ இருந்துட்டு வந்துட்டீங்க. நான் கேட்டது அந்த மூணு வருசத்தைத்தானுங்க. வண்டிய இல்ல."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக் கொடுத்தவர், பக்கத்தில் இருந்த மனைவி காட்டிய திசையைப் பார்க்காமல் போய்விட்டார். வெட்கமாக இருந்தது. சிவப்புக் காரின் சாவியை மேசைமேல் வைத்தார்.

"இதை நீங்களே எடுத்துக்குங்க தம்பி. பொள்ளாச்சில இருந்து ஒண்ணை இழுத்துட்டு வரணும். அதுக்கு ஆள் அனுப்புங்க."

துருப்பிடித்த வண்டி வந்து இறங்கிய அன்றே ஜெரோமும் ஒரு தொப்பியோடு வந்து இறங்கினான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து புதுப்பித்த ஞாபகம் என்றால் ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள் என்றான்.

"எம் பொண்டாட்டி எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறதை ஊருல இருக்கறவன் எல்லாம் ஞாபகம் வெச்சுக்கறதா? நடக்காதுங்க!" என்று சீறினார் நாச்சிமுத்து.

வசுமதி தொப்பியை வாங்கித் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டார்.

"இவரு எங்கீங்க போல்ட்டு கழட்டறது? நாந்தான் கழட்டணும். எடுத்துக் குடுக்கத்தான் இவரு." பிறகு முந்தானையை இழுத்துச் செருகி வண்டிக்கடியில் படுத்தார். "ஏனுங்க, அரை இஞ்சு குடுங்க."

தலைக்குள் மூன்று வருட அனுபவம் இருந்த தைரியத்தில் நாச்சிமுத்து பெட்டியைத் துழாவி, கம்பீரமாக முக்கால் இஞ்சை நீட்டினார்.

வண்டி மூன்று வருடத்தில் முடிந்து, இப்போது இன்னும் ஒரு வருடம் ஆகிறது. வசுமதியின் ஞாபகம் விற்பனையில் சக்கைப்போடு போடுகிறது. நாச்சிமுத்துவால் நிம்மதியாகக் கடைவீதிப் பக்கம் தலைகாட்ட முடிவதில்லை. போன வாரம் காய்கறி மார்க்கெட்டில், முறுக்கு மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர் அவரை வழிமறித்து ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, மூணு வருசமா அரை இஞ்சு கேட்டா முக்கால் இஞ்சையே குடுப்பீங்களா? மனுசனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாம்?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ்காரரின் குரல் தானாக இறங்கியது. கை நீட்டி, அவருடைய மடங்கிக் கிடந்த சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"இளைச்சுப் போயிட்டீங்க. வேளைக்குச் சாப்புடறீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

வசுமதி ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாததை நடுமார்க்கெட்டில் ஒரு போலீஸ்காரரிடமிருந்து தெரிந்துகொண்ட நாச்சிமுத்து, வாங்க வந்த கத்தரிக்காயை மறந்துவிட்டு வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.