ஆம் என்போர்

செங்கரையில் பொழுது விடிந்ததும் முதல் வேலை வானம் துடைப்பது. ஊர் முழுக்கக் கண்ணாடிக் கூரை. இரவெல்லாம் ஊரார் விட்ட மூச்சு அதன் அடியில் முத்து முத்தாய்ப் படிந்திருக்கும். வீட்டுக்கு வீடு வானத்தில் பங்கு உண்டு. நீளக் கழியின் நுனியில் பஞ்சைக் கட்டித் தம் பங்கை வழித்து, வழிந்த நீரைக் குடத்தில் பிடித்து, அதில்தான் காலைக் காப்பி போடுவார்கள். செவ்வாயில் தண்ணீர் சும்மா கிடைக்குமா? பக்கத்து வீட்டுக்காரன் பெருமூச்சு விட்டால் நம் வீட்டுக் காப்பியில் ஒரு மடக்கு கூடும்.

அன்று காலை ஆவுடையப்பன் ஒற்றை ஆளாய் வானம் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மங்கையர்க்கரசி குடியவை உறுப்பினர். கண்ணாடி முன் நின்று அன்றைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ அரசி, ஒரு கை புடியேன். முட்டு வலிக்குல்லா."

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. அந்த முட்டுக்காகத்தான இவ்வளவு பாடும்?"

அது உண்மை. செங்கரையில் குழந்தைக்குக் காது குத்துகிற அன்றைக்கே செவிமணி பதித்துவிடுவார்கள். கடுகளவு கருவி. ஊர்ச்செய்தி எல்லாம் அதன் வழியாகத்தான் காதுக்குள் வரும். கேட்டது பிடித்திருந்தால் காதுமடலை ஒரு தட்டுத் தட்டினால் போதும், சொந்தபந்தம், தெரிந்தவர் அத்தனை பேர் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்படித்தான் போன வருஷம் ஒரு செய்தி வந்தது. 'வடக்கு வாசலில் காற்று ஒழுகுகிறது.' அவ்வளவுதான். ஊரே தெற்கு நோக்கி ஓடியது. அந்த நெரிசலில் விழுந்த ஆவுடையப்பனின் முழங்காலை எத்தனை பேர் மிதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வடக்கு வாசலில் ஒரு மண்ணும் ஒழுகவில்லை. செய்தியை முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால், 'சொன்னாங்க, சொன்னோம்' என்று எல்லாரும் கையை விரித்தார்கள்.

அரசியல்வாதியாவதற்கு முன் மங்கையர்க்கரசி இலக்கண ஆசிரியை. கணவனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. 'ஒழுகுகிறது' என்று வந்ததால்தானே ஊர் ஓடியது? 'ஒழுகுகிறதாம்' என்று வந்திருந்தால்? சற்று நின்றிருக்கும். யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார். இரண்டே எழுத்தில் பிழைத்திருக்க வேண்டிய முழங்கால்!

அங்கே பிறந்ததுதான் ஆம் சட்டம். தணிக்கை கிடையாது, உரிமம் கிடையாது, அபராதம் கிடையாது. ஊர்ச்செய்தி அனைத்தும் குடியவைக்கு அடியில் உள்ள சான்றுப்பொறி வழியாகப் போகும். சொல்பவர் நேரில் பார்த்ததற்குப் பதிவு இருந்தால் செய்தி அப்படியே போகும். இல்லாவிட்டால் பொறி வாக்கியத்தின் வாலில் ஓர் 'ஆம்' ஒட்டி அனுப்பும். அதை யாராலும் பிய்க்க முடியாது. பூமியில் பக்கம் பக்கமாய்ச் சட்டம் எழுதியும் அடங்காத வதந்தியை ஒரு விகுதியால் அடக்கப் போகிறோம், அதுவும் தமிழால் என்று நினைக்கும்போதெல்லாம் மங்கையர்க்கரசிக்கு மார்பு விம்மியது. விம்மட்டுமே, என்ன தப்பு?

குடியவையின் தலைவர் ஓர் இயந்திரன். பெயர் நடுவன். மனிதர் தலைவராக இருந்த காலத்தில் நாற்காலிகள் பறந்ததால் வந்த ஏற்பாடு; நடுவன் தலையில் நாற்காலி பட்டால் நாற்காலிக்குத்தான் சேதம். அன்று செய்தியாளர் மாடம் நிரம்பி வழிந்தது. தங்கள் பிழைப்பைப் பற்றிய சட்டமல்லவா?

மங்கையர்க்கரசி முழங்கினாள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். பிறகு ஞானதிரவியம் எழுந்தார். 'செங்கரைச் சேதி'யின் ஆசிரியர், எதிர்க்கட்சி உறுப்பினரும் அவரே. எதையும் சிரித்துக்கொண்டே கேட்பார். அதுதான் அவரிடம் பொல்லாத குணம்.

"தலைவர் அவர்களே, சட்டம் நல்ல சட்டம். நாங்க பாத்ததைத்தான் பாத்ததா எழுதணும், சரி. ஆனா பாக்க விடணுமே? ஆபீஸ் கதவு எல்லாம் சாத்திக் கெடக்கு. கதவைத் திறக்கணும்னு ஒரு வரி சேத்துக்கிடலாம்லா?"

"சட்டத்துக்குள்ள சட்டத்தை நுழைக்காதீங்க, அண்ணாச்சி. அதை வேற நாள் பேசுவோம்" என்றாள் மங்கையர்க்கரசி.

"சரி, இன்னொண்ணு. 'ஆம்'னா தமிழ்ல 'உண்மைதான்'னும் அர்த்தம் உண்டு. அனுப்பும்போது இந்தப் பொறி நேர்ல கண்டதான்னு கேக்கும், ஒருத்தர் 'ஆம்'னு பதில் சொல்லுதார்னு வைங்க. பொறி அதைப் பதிலா எடுக்குமா, வாலா ஒட்டுமா?"

அவையில் சிரிப்பு எழுந்தது. மங்கையர்க்கரசியும் சிரித்தாள், இலக்கணத்தில் அவளிடமேவா?

"செங்கரையில யாரு 'ஆம்'னு பதில் சொல்லுதா? பச்சப்புள்ளையில இருந்து எல்லாரும் 'ஆமா'ன்னுதான சொல்லுதோம்! பொறிக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். 'ஆமா'ன்னா பதில். 'ஆம்'னா ஒட்டு. குழப்பமே கிடையாது."

"இந்த அவையில ஓட்டுப் போடும்போது சொல்லுதோமே?"

"அவைய விட்டு வெளிய போனா யாரு அண்ணாச்சி சொல்லுதா?"

மேசைகள் தட்டப்பட்டன. ஞானதிரவியம் உட்கார்ந்துவிட்டார். அந்த உற்சாகத்தில் மங்கையர்க்கரசி குரலை உயர்த்தினாள். "போன வருஷம் ஒரு வதந்தி! ஒரே ஒரு வதந்தி! அதனால எத்தனை வீட்டுல கை கால் ஒடிஞ்சுது! தெற்குத் தெருவுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மயங்கியே விழுந்துட்டாளாம்!"

மாடம் வெடித்துச் சிரித்தது. "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்று எவனோ கத்தினான். 'ளாம், ளாம்' என்று எதிரொலித்தது கூரை. மங்கையர்க்கரசிக்கு முகம் தீயாய் எரிந்தது. தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்த அவமானம். அவள் கை தானாக உயர்ந்தது.

"தலைவர் அவர்களே, மாடம் அவையை அவமதிக்கு. மூடிய அவை கேக்கிறேன்!"

விதி இருந்தது, அவள் கட்சியே கொண்டுவந்த விதி. நடுவன் செய்தியாளர்களை வெளியேற்றினான், ஒளிப்பதிவை அணைத்தான், கதவைச் சாத்தினான். உள்ளே நடப்பதை எந்த உறுப்பினரும் வெளியே சொல்லக் கூடாது என்று நினைவூட்டினான். அதன்பின் வழக்கம்போல அறிவித்தான்.

"ஆதரிப்போர் 'ஆம்' என்க."

"ஆம்!" அவை அதிர்ந்தது.

"எதிர்ப்போர் 'இல்லை' என்க."

ஞானதிரவியமும் இன்னும் சிலரும் முனகினார்கள்.

"ஆம் என்போர் அதிகம். சட்டம் நிறைவேறியது. இந்த நொடி முதல் அமலுக்கு வருகிறது."

மங்கையர்க்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானம் போன இடம் தெரியவில்லை. தெருவில் இறங்கியபோது நடையே மாறியிருந்தது. நாளைக்குப் பாடப்புத்தகத்தில் தன் பெயர் வரும், பூமிக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று என்னென்னவோ ஓடியது மனதில். அப்போது காதுக்குள் செவிமணி சிணுங்கியது. முதல் செய்தி. ஆசையோடு காது கொடுத்தாள்.

'ஆம் சட்டம் நிறைவேறியதாம். மங்கையர்க்கரசி கொண்டுவந்தாராம். பெரும்பான்மை கிடைத்ததாம்.'

நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். செய்தியாளர் எவரும் உள்ளே இல்லை, பதிவும் இல்லை. பொறி தன் வேலையைச் செய்திருந்தது. உடனே ஞானதிரவியத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இது அநியாயம். நீங்க உள்ளதான இருந்தீங்க? உங்க கண்ணால பாத்தீங்கள்லா? நீங்க எழுதலாம்லா?"

"பாத்தேன் தாயி. ஆனா மூடிய அவையில நடந்ததை உறுப்பினர் வெளிய சொல்லக் கூடாதே. உங்க விதிதான." அவர் குரலில் அந்தச் சிரிப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஆவுடையப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். "ஏ அரசி, சட்டம் பாஸாயிட்டாமே? நெசந்தானா?"

"நீங்களுமா!" என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் ஒரு தெம்பு இருந்தது. தன் ஒரு நாள் செய்தி போனால் போகிறது; இனி வதந்தி செத்தது. 'ஆம்' ஒட்டிய எதையும் ஊர் நம்பப் போவதில்லை. யார் முழங்காலும் இனி உடையாது.

அந்த வாரமே ஊர் அவளுக்குப் பாடம் நடத்தியது.

கூரைக் கண்ணாடியைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. 'நாளை வானம் துடைக்கக் கூடாது, தண்ணீர் வராது' என்று தண்ணீர்த் துறை தக்க பதிவோடு அறிவித்தது. ஒட்டு இல்லாத, சுத்தமான, உண்மையான செய்தி. மறுநாள் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் தலையில் சீயக்காயோடு தெருவில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி இசக்கியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு மங்கையர்க்கரசியிடமே சண்டைக்கு வந்தாள்.

"என்னம்மா சட்டம் போட்டிய? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னாங்களே! செவிமணியில வந்துச்சே!"

"ஆங், வந்துச்சு. 'வராது'ன்னு மொட்டையா வந்துச்சு. அதை யாரு கேப்பா? 'வராதாம்'னு சொல்லியிருந்தா என்னமோ ஏதோன்னு காது கொடுத்திருப்போம்லா!"

வால் இல்லாத செய்தி சப்பென்று இருந்தது ஊருக்கு. 'ஆம்' என்று முடிந்தால்தான் உள்ளே ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள், நமக்கு மட்டும் கசிகிறது என்று ஒரு ருசி. பத்திரிகைக்காரர்களுக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்? நிகழ்ச்சிகளுக்குப் போய் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். பார்த்துத் தொலைத்துவிட்டால் 'ஆம்' கிடைக்காதே! சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதையும் மங்கையர்க்கரசி தன் கண்ணாலேயே கண்டாள். அவையில் சட்டத்தைத் திருத்த எழுந்து நின்றால், 'சட்டம் நல்லாத்தான இருக்கு' என்று ஊரே அடித்துச் சொல்லியது. செங்கரையில் அதுவரை எந்தச் சட்டத்துக்கும் இவ்வளவு வரவேற்பு கிடைத்ததில்லை.

கொஞ்ச நாள் சோர்ந்துபோய்க் கிடந்தாள். ஒரு காலையில், வானம் துடைக்கும் கழி கையில் இருக்க, செவிமணி சிணுங்கியது. வேண்டா வெறுப்பாகக் கேட்டாள்.

'செங்கரையின் அடுத்த முதல்வர் மங்கையர்க்கரசியாம்.'

கழி கை நழுவியது. இன்னொரு முறை கேட்டாள். மூன்றாம் முறையும்.

"என்னங்க! இங்க வாங்களேன்! கேட்டீங்களா?"

ஆவுடையப்பன் நொண்டிக்கொண்டு வந்தான். "கேட்டேன், கேட்டேன். யாரு சொன்னாவளாம்?"

"யாரு சொன்னா என்ன? நெருப்பில்லாமலா பொகையுது? ஊருக்கு ஒழைச்சவளை ஊரு மறக்குமா?"

"கட்சியில கேட்டியா?"

"கட்சியில எதுக்குக் கேக்கணும்? இப்படித்தான் மொதல்ல கசிய விடுவாங்க. ஒங்களுக்கு அரசியல் தெரியாது, சும்மா இருங்க!"

பூரிப்பில் அவளுக்குக் கண் நிறைந்தது. நிலவில் இருக்கும் தங்கச்சி கேட்க வேண்டும். என்றோ தன்னை மட்டம் தட்டிய சின்ன மாமியார் கேட்க வேண்டும். கூடப் படித்தவர்கள், பாடம் படித்தவர்கள், ஞானதிரவியம் அண்ணாச்சி, எல்லாரும் கேட்க வேண்டும். காதுமடலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

சான்றுப்பொறி பணிவாகக் கேட்டது: "அனுப்புகிறேன். இது தாங்கள் நேரில் அறிந்ததா?"

மங்கையர்க்கரசி முந்தானையை இழுத்துச் செருகி நிமிர்ந்து நின்றாள். முதல்வராகப் போகிறவள் வழவழவென்று 'ஆமா' என்றா சொல்வாள்? குடியவையில் வாக்களிக்கும் அதே கணீர்க் குரலில் சொன்னாள்:

"ஆம்!"

அவள் எடுத்த பாடத்தைப் பொறி மறக்கவில்லை. கொடுத்ததை வாங்கி வாக்கியத்தின் வாலில் ஒட்டி, சொந்தபந்தம், தெரிந்தவர் அத்தனை பேர் காதுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது.

'செங்கரையின் அடுத்த முதல்வர் மங்கையர்க்கரசியாமாம்.'

அடுத்த நொடி, பக்கத்து வீட்டில் இசக்கியம்மா தன் காதைத் தட்டுகிற சத்தம் கேட்டது.